எங்கள் கரட்டுக்குப் பனி வரவில்லை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு கரடு இருக்கிறது. யானைக்குட்டி அளவு உருண்டைக் கற்கள் ஒன்றின்மேல் ஒன்றாய் ஏறி உட்கார்ந்திருக்கும். காரிமங்கலம் பக்கம் கரடு இல்லாத ஊரைத்தான் தேட வேண்டும். ஆடு மேய்க்கவும் செல்ஃபி எடுக்கவும் தவிர அதை யாரும் சட்டை செய்ததில்லை. என் கல்யாணம் போய் அதில் முட்டி நின்றது.

அதற்கு முன்பே இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன. பழியெல்லாம் என் படிப்பின்மேல். நான் படித்தது நிலவியல். "எம்எஸ்சின்னு மட்டும் சொல்லு. கல்லு மண்ணு கதையெல்லாம் வேணாம்" என்று, மூன்றாவது இடம் பெண் பார்க்க வந்த அன்று, அப்பா காலையிலேயே உத்தரவு போட்டுவிட்டார். மாப்பிள்ளைக்குப் பெங்களூரு வேலை, தருமபுரியில் சொந்த வீடு. இந்த இடத்தை விட்டுவிடக் கூடாது என்று அவருக்கு அத்தனை ஆசை.

மாப்பிள்ளை கம்பெனி வேலையாகக் கனடா போய் வந்தவர். பஜ்ஜித் தட்டு வந்ததும் கனடாவும் கூடவே வந்தது. பனிப்பாறை மலையிலிருந்து இறங்கும்போது பள்ளத்தாக்கையே அகலமாகச் சுரண்டுமாம், அடிப்பாறையில் கீறல் போடுமாம், குழி தோண்டி ஏரியாக்குமாம். உருகும்போது, தூக்கி வந்த கற்களை அங்கங்கே போட்டுவிட்டுப் போய்விடுமாம். அத்தனையும் சரி. நானும் நல்ல பெண்ணாகத் தலையாட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனிதர் ஜன்னல் வழியாகக் கரட்டைப் பார்த்துவிட்டார்.

"இதுவும் அப்படித்தாங்க மாமா. ஐஸ் ஏஜ்ல பனிப்பாறை இழுத்துக்கிட்டு வந்து போட்டது."

பிறந்ததிலிருந்து அந்தக் கற்களோடு கிடக்கும் என் அப்பா, "அப்படிங்களா" என்று கைகட்டிக் கேட்டார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்லீங்க" என்றேன். அம்மா முதுகில் கிள்ளினாள். "அந்தப் பனி இங்க எட்டிக்கூடப் பாக்கல. இழுத்துட்டு வந்ததுன்னா வேற ஊருக் கல்லா இருக்கணும். இது அடியில இருக்கற பாறையோட அதே கல்லு. மண்ணுக்குள்ள விரிசல் விட்டு, தண்ணி எறங்கி, மூலையெல்லாம் மக்கி, இருந்த எடத்துலயே உருண்டையாச்சு. அப்புறம் மேல இருந்த மண்ணு அடிச்சிட்டுப் போயிடுச்சு."

"நான் நேர்லயே பாத்திருக்கேங்க."

"நீங்க பாத்தது கனடாவ."

அடுப்படிக்குப் போய் ஒரு வெல்லக்கட்டியை எடுத்து வந்தேன். கைக்கெட்டியது மாப்பிள்ளையின் அம்மா குடிக்க வைத்திருந்த தண்ணீர்ச் சொம்புதான். அதில் போட்டுச் சற்று நேரம் கழித்து எடுத்துக் காட்டினேன். மூலைகள் கரைந்து கட்டி உருண்டிருந்தது. கூடம் மொத்தமும் வெல்லத்தையே பார்த்தது. அந்த அம்மா மட்டும் சொம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் தரகர் போன் செய்தார். "பொண்ணு பேச்சு ஜாஸ்திங்கறாங்க. தண்ணிய வேற பாழாக்கிடுச்சாம்."

மாப்பிள்ளை போனதில் எனக்கு எள்ளளவும் வருத்தமில்லை. அப்பா என்னோடு பேசாமல் இருந்ததுதான் வலித்தது. சாப்பிட்ட தட்டோடு கொல்லைப்பக்கம் போய், கை காயும் வரை கரட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். என்ன நினைத்தாரென்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த மாதம் வேறொரு இடம் வந்தது. அவர்கள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அப்பா வாசலுக்கே போய்விட்டார்.

"வாங்க, வாங்க. பொண்ணு ஜியாலஜி படிச்சிருக்குதுங்க. பின்னாடி இருக்கற கல்லப் பத்தித் தெரியணும்னா அதையே கேட்டுக்குங்க. நீங்களா எதையும் சொல்லிடாதீங்க."