பாக்கியம் அக்காவின் கட்டை

கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கருவிப்பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். ஸ்டோர்காரர் பெயரை வாசிப்பார். நான் பொருளை எடுத்து மேசைமேல் வைப்பேன். ஸ்குரூ டிரைவர் நான்கு, குறடு இரண்டு, சால்டரிங் அயர்ன் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று. எனக்குப் பிடித்த சடங்கு இது. போன வாரம் பட்டியல் முடிந்த பிறகும் பெட்டியின் அடியில் ஒரு பொருள் மிஞ்சியது. விரல் நீளப் பித்தளைத் தகடு, அதன் நடுவில் மெல்லிய நாக்கு.

"ஏனுங்க அம்மிணி, இது எந்த மிசினோடதுங்க?"

"ஆர்மோனியத்தோடதுங்க."

"நம்மகிட்ட ஆர்மோனியம் எங்கீங்க இருக்குது?"

இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார். பிறகு நானும் முகர்ந்தேன். களிம்பு, பழைய மரம், கொஞ்சம் கரப்பான் பூச்சி. எங்கள் எஸ்டேட் கோயிலின் ஞாயிற்றுக்கிழமை வாசனை அப்படியே இருந்தது.

கோயில் என்று நாங்கள் சொல்வது கிறிஸ்தவ ஆலயத்தை. பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே, தேயிலைக்கு நடுவில், தகரக் கூரை போட்டு நின்றது. மழை பெய்தால் பிரசங்கம் கேட்காது. அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. உள்ளே இருந்த ஒரே பெரிய பொருள் காலால் மிதித்து வாசிக்கும் ஆர்மோனியம். ஊருக்குத் திரும்பிய ஒரு துரையின் மனைவி விட்டுப்போனது. வாசித்தவர் என் அப்பா. வாரத்தில் ஆறு நாள் தேயிலை ஃபாக்டரியில் கணக்கெழுதும் ரைட்டர். ஏழாம் நாள் சங்கீதம். இரண்டையும் ஒரே முகத்துடன் செய்வார்.

ஆர்மோனியத்தில் ஒரு வெள்ளைக் கட்டை மட்டும் பேசாது. நடுவிலிருந்து வலப்பக்கம் ஐந்தாவது. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது நின்றுபோனது. அதைச் சரிசெய்ய மதுரையிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்கள். ஆள் வரவில்லை. பாட்டின் நடுவே அந்த இடம் வரும்போது, படிக்கட்டில் ஒரு படி இல்லாததுபோல் சபையே இடறும். அப்படியிருக்க, ஒரு ஞாயிறு அந்த இடத்தில் பின்வரிசைப் பாயிலிருந்து சுரம் வந்தது. கணீரென்று, சரியான அளவில். அப்பா திரும்பிப் பார்த்தார். கொழுந்து பறிக்கும் பாக்கியம் அக்கா.

அவர் கொயரில், அதாவது பாட்டுக்குழுவில், இல்லை. கொயரில் சேரப் பாட்டுப் புத்தகம் வாசிக்கத் தெரிய வேண்டும், முன் பெஞ்சில் உட்கார வேண்டும். பாக்கியம் அக்காவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் அன்று முதல் அந்தக் கட்டை அவர் பொறுப்பு. அந்த இடம் நெருங்கும்போது அப்பா தாடையைச் சற்று உயர்த்துவார். பாயிலிருந்து சுரம் வரும். எஸ்டேட்டில் அவருக்குக் 'கட்டை பாக்கியம்' என்று பெயர் விழுந்தது. ஆறடிக்குச் சற்றே குறைந்த பெண்ணை ஏன் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று புதிதாக வந்த டாக்டர் வெகுநாள் குழம்பினார்.

அவருக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? அந்தச் சுரம் வராத பாட்டுகள் நான்குதான் தேறின. ஒன்று கல்யாணத்துக்கு, ஒன்று அடக்கத்துக்கு, ஒன்று பெரிய வெள்ளிக்கு, ஒன்று சிறுபிள்ளைகளுக்கு. எந்த ஞாயிறு இந்த நான்கும் வரிசையாக வருகிறதோ, அன்று பாக்கியம் அக்காவுக்குச் சுகமில்லை என்று பொருள். யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆராதனை முடிந்ததும் அவரவர் வீட்டுக்குப் போய், தூக்குவாளியில் ரசமோ கஞ்சியோ எடுத்துக்கொண்டு, அவர் இருந்த லயத்துக்கு நடப்பார்கள். லயம் என்றால் வரிசை வீடுகள். ஒரு சுவருக்கு இரு குடும்பம்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது நான்.

கோயம்புத்தூர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம் முடித்து விடுமுறைக்கு வந்திருந்தேன். எதைப் பார்த்தாலும் கழற்றத் தோன்றும் வயது. அடுத்த நாள் விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. பெரிய ஐயர், அதாவது மேல் போதகர், கீழிருந்து வருகிறார். சனிக்கிழமை மதியம் அப்பா ஃபாக்டரியில் இருந்த நேரம் ஆர்மோனியத்தைத் திறந்தேன். உள்ளே கிடைத்தவை: ஹேர்பின் ஒன்று, செத்த கரப்பான் இரண்டு, வேதப் பாடப் படம் ஒன்று. பேசாத கட்டையின் நாக்கின் மேல் குளவி கட்டிய மண்கூடு. அவ்வளவுதான் பழுது. நாற்பது நிமிடத்தில் கட்டை பேசியது. யாரிடமும் சொல்லவில்லை. ஆச்சரியம் கொடுப்பது நல்லது என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு, முதல் பாட்டு. அப்பா தாடையை உயர்த்தினார். பழக்கத்தில் விரல் கட்டையின் மேல் விழுந்தது. பதினோரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கட்டை பேசியது. அதே நொடியில் பாக்கியம் அக்காவும் பாடினார். இரண்டும் ஒட்டவில்லை. மயிரிழைதான் வித்தியாசம், ஆனால் மயிரிழை வித்தியாசம்தான் காதில் வண்டுபோல் அதிரும். பெரிய ஐயர் கண் திறந்தார். மொத்தச் சபையும் ஒரே திசையில் திரும்பியது. யாரும் ஆர்மோனியத்தைப் பார்க்கவில்லை.

"கட்டைக்குப் பிசிறு தட்டிட்டு," என்று கொயரில் ஒருத்தி சொன்னாள், மெதுவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பாக்கியம் அக்கா வாயை மூடினார். கடைசி ஆமென் வரை திறக்கவில்லை.

அன்று மாலை அப்பாவும் நானும் கோயிலில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டையாக ஒத்துப் பார்த்தோம். மற்ற நாக்குகள் எல்லாம் ஊதி ஊதி, அழுக்கேறி, ஒன்றாகச் சற்று இறங்கியிருந்தன. மண்கூட்டுக்குள் உறங்கியது மட்டும் பழைய உயரத்திலேயே நின்றிருந்தது. பாக்கியம் அக்கா மற்ற எல்லாவற்றோடும் சேர்ந்து இறங்கியிருந்தார். தப்பு நான் பழுது பார்த்த கட்டையில்.

"யாரைக் கேட்டுட்டி தொறந்தே?" என்றார் அப்பா. "போய் அவகிட்டச் சொல்லு."

மறுநாள் போனேன். விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"அக்கா, பிசிறு உங்களோடது இல்ல. கட்டையோடது. அரம் போட்டு ராவினா உங்களோட ஒத்து வந்திரும்."

"தொரைசாணி கட்டை தப்பாப் பாடும், கொழுந்து எடுக்கவ சரியாப் பாடுவாளாக்கும்! நல்லாச் சொன்னே, போ."

"நெசமாத்தான். அப்பாவும் பாத்தாரு."

கோடரியைக் கீழே வைத்தார். "சரிட்டி. ராவிட்டே. அது நல்லாப் பாடுது. அப்புறம் எனக்கு அங்க என்ன சோலி?"

கீழே கிடந்த கோடரியை எடுத்து மிச்ச விறகைப் பிளந்து கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த ஞாயிறு பாயில் அவர் இல்லை. நான் நாக்கை ராவி ஒத்து வைத்திருந்ததால் ஆர்மோனியத்தில் எல்லாக் கட்டையும் சரியாக இருந்தது. அப்பா எந்தப் பாட்டை வேண்டுமானாலும் வாசித்திருக்கலாம். கல்யாணப் பாட்டைத் தொடங்கினார். பிறகு அடக்கப் பாட்டு. பிறகு பெரிய வெள்ளி. சிறுபிள்ளைப் பாட்டு முடிந்தபோது பெண்கள் ஏற்கெனவே எழுந்துவிட்டிருந்தார்கள். எல்லோரும் தூக்குவாளி எடுக்க ஓடிய நேரத்தில் நான் ஸ்குரூ டிரைவர் எடுத்தேன். நாக்கைக் கழற்றி, காற்று வீணாகாமல் அந்த இடத்தில் அட்டை வெட்டி ஒட்டினேன்.

அப்பாவும் நானும் போய்ச் சேர்ந்தபோது லயத்து வாசலில் ஒன்பது தூக்குவாளி. அவற்றில் ஏழு மிளகு ரசம்.

"எனக்கு என்ன நோக்காடா வந்துட்டு?" என்று பாக்கியம் அக்கா கத்திக்கொண்டிருந்தார். "கல்லு மாதிரி நிக்கேன்! இவ்வளவு ரசத்தை வச்சு நான் குளிக்கவா?"

கொயர்காரி தன் வாளியையும் வைத்தாள். "நாலு பாட்டும் வந்துட்டே, மதினி. நாங்க என்ன செய்ய?"

அக்கா அப்பாவைப் பார்த்தார். அப்பா தன் செருப்பைப் பார்த்தார். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

"கழட்டிட்டேன்."

தகட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானா!" என்றார். பிறகு, "மறுபடி மாட்டிர மாட்டியே?"

"மாட்டேன். நீங்களே வச்சுக்கிடுங்க."

"எங்கிட்ட எதுக்கு? நீ படிக்கப் போற ஊருக்குக் கொண்டு போ. தூரமாக் கொண்டு போ."

அடுத்த ஞாயிறு அப்பா தாடையை உயர்த்தினார். பாயிலிருந்து சுரம் வந்தது. நான் பெட்டியுடன் பஸ் ஏறினேன்.

பாக்கியம் அக்கா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. குமுளி வழியாகக் கம்பத்துக்கு, மகள் வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே கோயிலில் ஆர்மோனியம் உண்டா என்று தெரியவில்லை. எங்கள் சபை புது ஆர்மோனியம் வாங்கியது. எல்லாக் கட்டையும் பேசுகிறதாம்.

ஸ்டோர்காரர் தகட்டைப் பட்டியலில் சேர்க்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அப்பாவிடமிருந்து புதிதாக வந்த கடிதம் பையில் இருந்தது. சுகம், மழை அதிகம், கொழுந்து குறைவு என்று வழக்கம்போல் எழுதிவிட்டுக் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: பின்வரிசையில் ஒரு அம்மாள் மூன்று வாரம் காய்ச்சலில் கிடந்தாராம், எழுந்து வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.