அக்கா இழைத்த ஆயா மரம்

அக்காவைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று நினைத்துப் பலமுறை பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். பத்தாவது வரைதான் படித்தவன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறவன். "அம்மா கூட மாடியில இருந்தது நீங்கதானே மாமா, நீங்கதான் எழுதணும்" என்று அக்காவின் மகள் விடாமல் சொன்னதால் எழுதுகிறேன். தப்பும் தவறும் இருந்தால் பெரியவர்கள் மன்னிக்க வேண்டும்.

அக்கா பிறந்தது பல்லாவரத்தில், வெள்ளிக்கிழமை சந்தை கூடும் இடத்துக்குப் பக்கத்துத் தெருவில். அப்பா தோல் கம்பெனியில் வேலை பார்த்தார். அக்கா பன்னிரண்டாவது முடித்த கோடையில் அப்பா இறந்துபோனார். கல்லூரிக்குப் போக வேண்டிய அக்கா, குரோம்பேட்டையில் பல் செட் செய்யும் லேப் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மாவையும் என்னையும் காப்பாற்றியது அந்த வேலைதான். அத்தானைக் கல்யாணம் செய்துகொண்டு அஸ்தினாபுரம் போன பிறகும் அதை அவர் விடவில்லை.

செய்து முடித்த பல் செட்டை அக்கா கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்ப்பார். மேலிருந்து கீழாக ஒருமுறை, கீழிருந்து மேலாக ஒருமுறை. "கண்ணு ஏமாந்துடும்டா, நாக்கு ஏமாறாது. கொஞ்சம் சொரசொரப்பு இருந்தாலும் வாய் புண்ணாயிடும். அப்புறம் அந்தப் பெரியவர் சோறே சாப்பிட மாட்டாரு" என்பார். நம் சொந்தக்காரர்கள் பலர் அக்கா செய்த பல்லில்தான் தீபாவளி முறுக்கைக் கடித்தார்கள். யார் யார் என்று எழுதினால் கோபித்துக்கொள்வார்கள்.

சந்தையில், தொட்டியிலேயே குட்டையாக வளர்க்கும் போன்சாய் செடி ஒன்று வாங்கியதில் தொடங்கி, அக்கா வீட்டு மொட்டை மாடி முழுக்கத் தொட்டிகள் ஆகிவிட்டன. பிறகுதான் அந்த ஆயா மரம் வந்தது. கோவிலம்பாக்கத்தில் அடுக்குமாடி கட்டுவதற்காக ஒரு காலி மனையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். ஆடு கடித்தும், வேலிக்கு வெட்டியும் இடுப்புயரத்துக்கு மேல் வளராமல், அடி மட்டும் ஆட்டுக்கல் போலப் பருத்த மரம். ஆயா என்பது அந்த மரத்தின் பெயர்தான், எல்ம் வகை என்று அக்காவின் போன்சாய் சங்கத்தார் சொன்னார்கள். ஜேசிபி வருவதற்குள் நானும் அக்காவும் கடப்பாரையோடு போய்த் தோண்டி, குட்டி யானை வண்டியில் ஏற்றி வந்தோம். ஆட்களை வைத்து மாடிக்குத் தூக்கினோம். வழிவிட்டு நின்ற அத்தான், "கல்யாணத்துக்குக் கொண்டு வராத பீரோவ இப்ப கொண்டாந்துட்டா பாரு உங்க அக்கா" என்றார்.

மரம் பிழைத்தது. ஆனால் ஒரு பக்கம் பட்டை உதிர்ந்து காய்ந்துபோனது. மறுபக்கம் துளிர்த்தது. போன்சாயில் இப்படிப் பட்டுப்போன பகுதியை வெட்டி எறிய மாட்டார்களாம். மழைத் தண்ணீர் தேங்கி உளுத்துப்போகாதபடி செதுக்கி, அழகாக நிற்க விடுவார்களாம். வேர் நன்றாகப் பிடிக்கட்டும் என்று அக்கா சில வருடங்கள் காத்திருந்தார். அதற்குள் வெயிலும் மழையும் எறும்பும் சேர்ந்து அந்தப் பக்கத்தைச் சாம்பல் நிறத்தில், ஆழமான வெடிப்புகளோடு ஆக்கிவிட்டன. அடியில் உளுத்த இடத்தை மட்டும் குடைந்து எடுத்தால் போதும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா உயிருள்ள பட்டையின் ஓரமாகச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு, பல் செட் தேய்க்கிற சின்ன மோட்டாரை எடுத்தார். நான் தொட்டியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தேன். உளுத்த இடம் சீக்கிரமே சுத்தமாகிவிட்டது. அக்கா அதோடு நிறுத்தவில்லை.

"அக்கா, டீ ஆறுது."

"இருடா, இந்த ஓரம் கொஞ்சம் குத்துது."

அந்த ஓரம் முடிந்ததும் பக்கத்து ஓரம் குத்தியது. வெயில் இறங்கியபோது, பட்டுப்போன பக்கம் முழுவதும் மழமழவென்று, மஞ்சள் கலந்த வெள்ளையாக மின்னியது. துணி எடுக்க மாடிக்கு வந்த அத்தான், "என்னம்மா, மரத்துக்கும் பல் செட் மாட்டிட்டியா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அக்கா சிரிக்கவில்லை. முகத்தில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துவிட்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கை அது பாட்டுக்குப் போயிடுச்சுடா. வெயிலும் மழையும் வருசக் கணக்கா செஞ்ச வேலைய ஒரு மத்தியானத்துல தேய்ச்சுட்டேன். பல்லுன்னா வேற வார்த்துக்கலாம். இத எங்க போய் வார்க்கறது?"

அதற்குப் பிறகு கம்பி பிரஷ் போட்டுப் பார்த்தார். சின்ன உளியால் கீறிப் பார்த்தார். "நான் கீறினா நான் கீறின மாதிரிதான் இருக்கு" என்று கீறியதையும் தேய்த்து எடுத்தார். கடைசியில், "அதுவா வெடிக்கட்டும்" என்று வெயிலில் விட்டுவிட்டார். சங்கத்தார் கேட்டும் அந்த மரத்தைக் கண்காட்சிக்கு அனுப்பவே இல்லை. கல்லூரிக்குப் போக முடியாததைப் பற்றிக்கூட அக்கா ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை. இந்த மரத்தைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வயிற்றில் ஆபரேஷன் ஆன பிறகு அக்காவால் மாடி ஏற முடியவில்லை. மரத்தைக் கீழே இறக்கவும் வழியில்லை. நான் வேலை பார்க்கும் கடை முடிந்து போகும்போது நான்தான் தண்ணீர் ஊற்றுவேன். போனில் படம் எடுத்துக் காட்டினால் அக்கா பார்க்க மாட்டார்.

"படம் வேணாம். தடவிப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. வழவழன்னுதான் இருக்கு."

"ஒரு பேச்சுக்காவது சொரசொரன்னு இருக்குன்னு சொல்றானா பாருங்க" என்று அத்தானிடம் சொல்வார்.

"அவனுக்குப் பொய் சொல்லத் தெரிஞ்சிருந்தா இந்நேரம் சொந்தமா கடை வெச்சிருப்பான்" என்பார் அத்தான். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

கடைசியாகக் கேட்ட அன்றும் நான் அதையேதான் சொன்னேன். "சரி விடு. மழைக்கு அப்புறம் பாப்போம்" என்றார். மழைக்காலம் வருவதற்குள் போய்விட்டார்.

அக்காவைக் கடைசி வரை முகம் சுளிக்காமல் கவனித்த மருத்துவர்களுக்கும் நர்ஸ் அம்மாக்களுக்கும், லேபில் உடன் வேலை பார்த்தவர்களுக்கும், தினமும் கஞ்சி வைத்துக் கொடுத்த கீழ்வீட்டு அம்மாவுக்கும், தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள வந்த சங்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்காவுக்குத் தலை வாரிப் பின்னிவிடக்கூடக் கற்றுக்கொண்ட அத்தானுக்கு நன்றி சொல்ல எனக்கு வயதும் இல்லை, வார்த்தையும் இல்லை.

தகனம் முடிந்த மறுநாள், அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்து மாடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனேன். தொட்டியில் விழுந்து கிடந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டு கையை மேலே எடுக்கும்போது மரத்தின் பட்ட பக்கத்தில் உரசியது. விரலில் மரச் சிலாம்பு ஏறியது. அதுவரை நான் மேலிருந்து கீழாக மட்டுமே தடவிப் பார்த்திருந்தேன்; அக்கா பல் செட்டைத் தடவுவதுபோலக் கீழிருந்து மேலாக ஒருமுறையும் பார்த்ததில்லை. கீழே வந்து அத்தானிடம் விரலைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஊசியால் எடுத்துவிட்டார்.