சித்தப்பா பெயர்

போனில் நான் படிக்கும் பிரெஞ்சுப் பாடம், "உங்கள் கணவர் பெயர் என்ன?" என்று கேட்டது. அம்மாவின் தங்கை சகாயம் சித்தி கண்முன் வந்துவிட்டாள்.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் கோப்பைகளுக்குப் பூ வரைந்தவள் அவள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சித்தப்பாவிடம் போய்ச் சேர, பாண்டிச்சேரி அலுவலகத்தில் பிரெஞ்சு பேசிக்காட்ட வேண்டும். பெயிண்ட் மணக்கும் விரல்களை மடக்கி எண்களை அம்மாவிடம் மடமடவென்று ஒப்பிப்பாள். கணவர் பெயரைச் சொல்லும் இடம் வந்தால் வாயை மூடிக்கொள்வாள்.

"அவரு பேர எப்படிக்கா சொல்றது?"

"சொல்லலன்னா இங்கியே கெட," என்றாள் அம்மா.

சித்தி சிலுவை போட்டுக்கொண்டு, 'என் கணவர் பெயர்' என்று தொடங்கும் பிரெஞ்சு வரியைச் சொன்னாள்.

"மோன் மரி சப்பெல்... அந்துவான்."

முகமெல்லாம் சிவந்துவிட்டது.

"பிரெஞ்சுலதானக்கா சொன்னேன், தப்பில்ல."

அன்று பொழுது சாயும்வரை வேறு எந்த வரியையும் அவள் படிக்கவில்லை.

நானும் என் வீட்டுக்காரர் பெயரைப் போனிடம் சொன்னேன், அடுப்படியில் காபி கலக்கிக்கொண்டிருந்தவருக்குக் கேட்கும்படியாக.