எண்ணெய் விடாத தட்டு

ரெஜினா போய்விட்டாள். இன்று காலை சேலையூரிலிருந்து அவள் மகள் போன் செய்து சொன்னாள்...

உங்களில் யாருக்கும் அவளைத் தெரியாது. எழுபதுகளின் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரு காலேஜ் லேபில் நான் ரிசர்ச் ஸ்காலர், அவள் லேப் அசிஸ்டென்ட். ஒரே வயதுதான், ஆனாலும் கடைசிவரை என்னை "மிஸ்" என்றே கூப்பிட்டாள்.

எலுமிச்சைப் புல்லிலிருந்து வாசனை எண்ணெய் எடுத்து, அது தோல் புற்றுநோய் செல்களைக் கொல்லுமா என்று பார்ப்பது என் வேலை. (செல் என்றால் போன் இல்லை, பிள்ளைகளே!)

அவை சுண்டெலியின் செல்கள். சிட்டியில் ஒரு லேபில் கொடுப்பார்கள். சூடு குறையக் கூடாதென்று ரெஜினா அந்த பாட்டிலை முந்தானையில் சுற்றி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் வருவாள்.

ஒருநாள் பக்கத்து சீட் அம்மா, "கொயந்தைக்கு எத்தினி மாசம்?" என்று எட்டிப் பார்க்க, "எலிம்மா" என்றாளாம் இவள். அடுத்த ஸ்டேஷனில் அந்த அம்மா பெட்டி மாறிவிட்டார்.

செல்கள் வளரும் எண்ணெய் விட்ட தட்டு, ஒப்பிட்டுப் பார்க்க விடாத தட்டு, இரண்டையும் ஒரே கண்ணாடி ஜாடியில் வைப்போம். உள்ளே மெழுகுவத்தி ஏற்றி மூடினால் தானாக அணையும்; அந்தக் காற்றுதான் செல்களுக்குப் பிடிக்கும்.

மறுநாள் பார்த்தால் இரண்டு தட்டிலும் எல்லாம் செத்துக் கிடக்கும். எண்ணெய் விடாததிலும்! மூன்று மாதம் இதே கதை.

"திங்கட்கிழமைக்குள்ள சரியாகலேன்னா டாபிக்கை விட்டுடும்மா" என்றார் கைடு. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். லேப் போனால் எனக்கு எல்லாமே போச்சு... அழுதேவிட்டேன்.

ரெஜினா எண்ணெய் விடாத தட்டைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"மிஸ், இதுலயும் புல்லு வாசனை வருதே?"

"அதெப்படி வரும்?" என்று எரிந்து விழுந்தேன்.

"பீரோல ஒரு மூலைல அந்துருண்டை போட்டா எல்லாப் பொடவையும் மணக்குது இல்ல மிஸ்? இதுவும் ஒரே பீரோதானே..."

அன்றே தட்டுக்கு ஒரு ஜாடி என்று பிரித்து வைத்தோம். மறுநாள் எண்ணெய் விடாத தட்டில் செல்கள் ஜம்மென்று உயிரோடு இருந்தன. விட்டதில் ஒன்றுகூட இல்லை. மைக்ராஸ்கோப்பை விட்டு நகராமல் இருவரும் மாறி மாறிப் பார்த்தோம்.

அந்த எண்ணெய் மருந்தாகவில்லை. தட்டு வேறு, மனுஷ உடம்பு வேறு. ஆனால் எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது.

தீசிஸில் கைடுக்கு நன்றி, டைப் அடித்தவருக்குக்கூட நன்றி. ரெஜினா பெயர் இல்லை. மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன்... அந்துருண்டைக் கதையைக் கேட்டால் சிரிப்பார்களே என்று வெட்கப்பட்டேன்.

புது பைண்டிங்கை முதலில் மோந்து பார்த்தவள் அவள்தான். பிறகு நன்றிப் பக்கத்தை நிதானமாகப் படித்தாள்.

எதைப் பார்த்தாலும் கேள்வி கேட்பவள். அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை.

ரெஜினா, அதைக் கண்டுபிடித்தது நீதான். போய் வா.