பவுனம்மாள் எடுத்த டிராக்டர்

என் அக்கா பவுனம்மாளுக்கு இரண்டு ஃபைபர் படகுகள். ஒன்றைக் கரையேற்றவே பத்துப் பேர் தோள் கொடுக்க வேண்டும். ஆட்களோ காட்டுப்பள்ளித் துறைமுக வேலைக்குப் போய்விட்டார்கள். படகு அலையில் கிடந்தால் உடைந்துவிடும். அதனால் டிரெய்லர் செய்துவைத்து, அதை இழுக்கப் பழைய டிராக்டர் தேடினாள்.

முதலில் வந்தது பளபளவென்று பெயிண்ட் அடித்த வண்டி. மட்கார்டின் அடியில் விரலை விட்டாள். துரு உதிர்ந்தது.

"கடல் தண்ணி குடிச்ச வண்டி இது. எடுத்துக்கினு போ."

அடுத்தது, விவசாயி சுப்பராயலு தானே ஓட்டிவந்த, நெல் மூட்டை இழுத்த வண்டி. டிரெய்லரில் படகை ஏற்றி அவரை இழுக்கச் சொன்னாள். சக்கரம் மணலில் புதைந்தது. கரையே சிரித்தது, நானும்தான்.

"இன்னா நைனா, டயரு கல்லு மாதிரி கீது?"

"ரோட்டுக்குக் காத்தடிச்சிருக்கேம்மா."

அக்கா குந்தி உட்கார்ந்து, பின்டயர் இரண்டிலும் பாதிக் காற்றை இறக்கினாள்.

"அய்யோ, டயரு வீணாப்பூடும்மா!"

"வயல நீ பாரு. மணல எனக்கு வுடு. இப்போ எடு வண்டிய!"

டயர் சப்பையாகி மணலைக் கவ்வியது. டிராக்டர் உறுமிக்கொண்டு, படகோடு ஒரே மூச்சில் மேட்டில் ஏறி நின்றது. அக்கா கைதட்டிக் குதித்தாள்.

"இதான் நம்ம வண்டி! சிரிச்சவன்லாம் வாங்கடா, அடுத்த படக ஏத்துங்க!"

முதலில் ஓடியது நான்தான்.