தாளம் தப்பிய நாடிக்கு மூன்று வழிகள்

இதய நோயாளி என்பதும் ஒரு உத்தியோகம்தான். விண்ணப்பிக்காமலே கிடைக்கும், லீவு மட்டும் கிடைக்காது. கொழும்பில் நாளிதழ் ஒன்றின் செய்தி மேசையில் காலத்தைக் கழித்துவிட்டு, இந்த வேலையில் புதிதாகச் சேர்ந்தவன் நான். இதயத் தாளம் தப்பும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற நோயின் பெயரைச் சுமந்து திரியும் சக ஊழியர்களே, நான் வேலை பழகிய விதத்தைக் கேளுங்கள்.

மெசின்

மூக்கு ஒழுகும் தடிமனுக்கு மருந்து வாங்கத்தான் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முகப்பில் உள்ள டிஸ்பென்சரிக்குப் போனேன். பிரஷர் பார்க்கும் பிள்ளை கையில் பட்டியைச் சுற்றினாள். மெசின் ஊதியது, இறங்கியது, இலக்கத்துக்குப் பதிலாகப் பிழை என்று காட்டியது. மற்றக் கையிலும் அதே கதை. உள்ளே போய் வேறொரு மெசினைக் கொண்டுவந்தாள். அதுவும் பிழை என்றது.

"பற்றரி முடிஞ்சிருக்கும் பிள்ளை" என்று நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அவள் என் மணிக்கட்டில் விரலை வைத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள். "மெசின் இரண்டும் சரி அங்கிள். நீங்கள் ஒருக்கா ஈசீஜி எடுங்கோ."

அவசரமில்லை

ஈசீஜியை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தையிலேயே ஒரு இதய வைத்தியரிடம் தனியாகப் போனேன். மனைவி யோகாவும் வந்தால் கேள்வி கேட்க எனக்கு முறை வராது. வைத்தியர் இளைஞர், பொறுமைசாலி. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன, அங்கே இரத்தம் தேங்கி உறைந்து ஒரு துண்டு மூளைக்குப் போனால் பாரிசவாதம் வரலாம், பேச்சும் போகலாம் என்றார். வாழ்நாளெல்லாம் சொற்களை வைத்துச் சம்பளம் வாங்கியவனுக்கு அது கொஞ்சம் உறைத்தது. இரத்தம் உறையாமலிருக்க ஒரு குளிசை எழுதினார்.

தாளத்துக்கு மூன்று வழி இருந்தது. துடிப்பின் வேகத்தை மருந்தால் அடக்கிக்கொண்டு அப்படியே இருக்கலாம். மின்னதிர்ச்சி கொடுத்துத் தாளத்தைத் திருப்பலாம். அல்லது தொடை நாளம் வழியாகக் குழாயை ஏற்றி, குழப்பம் செய்யும் இடத்தைச் சுட்டுவிடலாம். எதற்கும் உத்தரவாதம் கிடையாது. "அவசரமில்லை ஐயா, வீட்டில கதைச்சுப்போட்டு வாங்கோ."

வீட்டில் கதைத்தது

எங்கள் வீடு இப்போது மூன்று நாடுகளில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் எல்லோரும் கூடினார்கள். லண்டனில் இருக்கும் மச்சான், சுடுவதுதான் நவீனம் என்றார். அவருடைய மகன், முதலில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பார்க்கலாம் என்றான். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி, அங்கே யாரோ பீற்றூட் சாறு குடித்துச் சுகமானதாகச் சொன்னாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது மியூட்டில் இருந்தது தெரியவந்தது. அதை யாரும் கவனித்திருக்கவில்லை.

"அண்ணா, நீங்களா ஒரு முடிவும் எடுத்துப்போடாதேங்கோ. அடுத்த ஞாயிறும் கதைப்பம்."

கொட்டாஞ்சேனை அறிக்கை

நேரில் கண்ட சாட்சி வேண்டுமென்று கொட்டாஞ்சேனைக்குப் போனேன். பீற்றர் எங்கள் பத்திரிகையில் பக்கம் வடிவமைத்தவன். மின்னதிர்ச்சி வாங்கியவன். "நித்திரையாக்கிப்போட்டு அடிச்சாங்கள். எழும்பி, எப்ப அடிக்கப்போறீங்க எண்டு கேட்டனான். அடிச்சு முடிஞ்சுது எண்டாங்கள்" என்றான்.

பிறகு எப்படி என்று கேட்டேன். மகளின் கலியாணம் வரைக்கும் நாடி மணிக்கூடு மாதிரி அடித்ததாம். கலியாண ஹோலில் பைலாவும் ஆடியிருக்கிறான். அடுத்த மாதமே பழைய குணம். கவலையாக இல்லையா என்றேன். "என்னத்துக்கு மச்சான்? கலியாணத்துக்குத்தானே திருத்தினது."

இரண்டாவது வாய்

ஒருவர் சொன்னதை மட்டும் நம்பி எந்தச் செய்தியையும் நான் பக்கத்தில் போட்டதில்லை. வேறொரு ஆஸ்பத்திரியில் வேறொரு வைத்தியரைச் சனல் பண்ணி நம்பர் எடுக்கும்படி யோகாவிடம் சொன்னேன். நாடித்தாளம் பார்க்கும் ஸ்பெஷலிஸ்ட், முதலில் கிடைக்கும் நம்பர் என்று யோகா ஃபோனில் கேட்டு எடுத்தார். வைத்தியரின் பெயரை நான் கேட்கவில்லை. நிருபர் ஒருவர் பெயர் கேட்காமல் வந்து நின்றிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன்.

நாடித்தாளம் பார்க்கத் தெரிந்த வைத்தியர்கள் நாட்டில் கொஞ்சப் பேர். அந்தக் கொஞ்சப் பேரும் பின்னேரமானால் ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி ஓடுகிறார்கள். கதவைத் திறந்தால் அதே பொறுமைசாலி. "வாங்கோ ஐயா. வெள்ளவத்தையில சொன்னதையே சொல்லட்டோ, இல்லாட்டி மாத்திச் சொல்லோணுமோ?"

நிறுத்திவைத்த குளிசை

அசடு வழிய உட்கார்ந்தேன், இந்த முறை கூட வந்த யோகா பக்கத்துக் கதிரையில். குளிசை எடுப்பதால் பல் முரசில் இரத்தம், உடம்பில் கன்றிப்போன கண்டல் ஏதும் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான், பெட்டி உடைக்கப்படாமல் மேசை லாச்சிக்குள் இருந்தது. செய்தி உறுதியாகும்வரை அச்சுக்கு விடாமல் நிறுத்திவைப்பது எங்கள் மேசைப் பழக்கம். எந்த வழி என்று முடிவாகும்வரை குளிசையையும் அப்படி வைத்திருந்தேன்.

இதை விளக்கும்போது யோகா என் பக்கம் திரும்பவேயில்லை. வைத்தியரின் சிரிப்பும் போய்விட்டது. எந்த வழியில் போனாலும் அந்தக் குளிசை வேண்டும், சில கிழமைகள் விடாமல் எடுத்தால்தான் மற்றதைப் பற்றிக் கதைக்கவே முடியும் என்றார். "யோசிக்கச் சொன்னது மற்ற மூண்டையும் ஐயா. நீங்கள் யோசிச்சு முடியிற வரைக்கும் இரத்தம் பாத்துக்கொண்டு நிக்காது."

சாட்சியம்

மூச்சு வாங்குகிறதா என்றார். இல்லை என்றேன். மாடிப்படி? ஒரு பிரச்சினையும் இல்லை. அவர் யோகாவைப் பார்த்தார்.

"டொக்டர், நாங்கள் மூண்டாம் மாடி, லிஃப்ட் இல்லை. இவர் முந்தி அயலட்டையோட முகம் குடுத்தும் கதைக்கிறேல்ல. இப்ப ஒவ்வொரு மாடியிலயும் நிண்டு, பிள்ளையள் படிக்குதோ, தண்ணி வருதோ எண்டு விசாரிக்கிறார். மூச்சு வந்த உடனே கதையைப் பாதியில விட்டுட்டு ஏறிவாறார்."

வைத்தியர் பேனையை வைத்தார். இப்படிச் சிரமப்படுபவருக்குச் சுடுவதுதான் பொருத்தம், ஆபத்து குறைவு, ஆனால் இல்லாமலில்லை, குளிசையும் பிறகு தொடரும் என்றார். பேச்சு இருக்கும்போதே சம்மதம் சொல்லிவிடுவது நல்லதென்று பட்டது, சொன்னேன். அங்கேயே தண்ணீர் வாங்கி, யோகா பார்த்திருக்க முதல் குளிசையை விழுங்கினேன். பெட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். லாச்சியைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும் போலிருக்கிறது. வாசலுக்கு வந்த பிறகுதான் வாய் திறந்தார். "சுட்டு முடிஞ்ச பிறகும் அந்த இரண்டாம் மாடி அக்காவோட நிண்டு கதையுங்கோ. பாவம், இப்ப உங்களுக்கெண்டு தேத்தண்ணி போட்டு வைக்கிறா."

எந்தச் சிகிச்சை என்று தேர்ந்தெடுப்பது நோயாளியின் உரிமை என்கிறார்கள்; அந்த உரிமையை நான் முழுமையாகப் பயன்படுத்தினேன், மனைவியும் பக்கத்தில் இருந்தார்.