மயில் கழுத்து நிறத்தில் ஒரு கணப்பு

என் விவாகரத்து முடிந்த கையோடு அண்ணன் தான் வசிக்கும் புரொண்பி நகரத்திலிருந்து நான் இருக்கும் சில்க்போர்க்குக்கு வந்து என் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் வரவேற்பறைக் கணப்பின் முன்னால் நின்றார். விறகு எரிக்கும் இடத்தைச் சுற்றி ஓக் மரச் சட்டமும் மேலே ஒரு தட்டும் உண்டு. இரண்டும் கறுத்துப்போய் அறையின் பாதி வெளிச்சத்தை விழுங்கிக்கொண்டிருந்தன.

"இதுக்கு வெள்ளை அடி. வீடு கெதியா விலைப்படும்," என்றார்.

வீட்டை விற்கப்போகிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அண்ணனும் அண்ணியும் தாங்களாகவே பேசி முடித்துவிட்டார்கள். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு எதற்கு, எங்களோடு வந்து இருக்கட்டும், ஓர் அறை சும்மாதானே கிடக்கிறது என்று. அந்த அறையை எனக்குத் தெரியும். இஸ்திரி போடும் மேசையும் அண்ணியின் பழைய சூட்கேசுகளும் இருக்கிற அறை. முதியோர் இல்லத்தில் முறை மாறி முறை மாறி வேலை செய்து நான் வாங்கிய வீடு இது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் அன்றைக்குத் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்து அனுப்பினேன்.

வெள்ளையாம். இந்த நாட்டில் விற்பனைக்கு வருகிற வீடெல்லாம் வெள்ளைதான். உள்ளே யாரும் வாழ்ந்த அடையாளமே இருக்கக்கூடாது.

பெயின்ட் கடையில், கலவை பிழைத்ததால் யாரோ வேண்டாமென்று விட்டுப்போன டின்களை ஒரு மூலையில் அடுக்கி மலிவாகக் கொடுப்பார்கள். மூடியில் வைத்திருக்கும் பொட்டைப் பார்த்துத்தான் நிறத்தை அறியவேண்டும். ஒரு மூடியில் அச்சு அசல் மயில் கழுத்து. அது ஒருவருக்கும் பிடிக்காத நிறம் என்று கடைப்பெண் மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னாள். அந்த நிறத்தில் ஒரு பட்டுச்சேலை வந்தால் எங்கள் பெண்கள் அதற்காகத் தங்களுக்குள் எப்படி அடிபடுவார்கள் என்று அவளுக்கு எங்கே தெரியப்போகிறது?

சனிக்கிழமை மரத்தைச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, மண்தாளால் தேய்த்து, நேரே பெயின்டை அடித்தேன். எனக்குப் பொறுமை கிடையாது. காலையில் பார்த்தால் ஓக்கின் கறை சிந்திய தேத்தண்ணீர் மாதிரி மேலே ஊறி நின்றது. மரமும் அண்ணன் பக்கம்தான் என்று திட்டிவிட்டு, கறையை மறிக்கிற அடிப்பூச்சு ஒன்றை முழு விலை கொடுத்து வாங்கிவந்தேன். அதைப் பூசிக் காயவிட்டு, மறுபடியும் இரண்டு தரம் அடித்தேன். தோள்மூட்டு கழன்றுவிடும் போலிருந்தது. ஆனால் விளக்கைப் போட்டதும் அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு வந்தது.

அடுத்த மாதம் அண்ணன் வந்தார். சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் கணப்பைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்ன நிறம்? இதைப் பாத்தால் ஆர் வீட்டை வாங்குவினம்?"

"ஒருத்தரும் வாங்கமாட்டினம் அண்ணை," என்றேன். "அதுக்குத்தான் அடிச்சனான்."